பாட்டிக்கு என்ன நோய் என்று எதற்குக் கேட்கிறார்கள்?

வணக்கம் ஐயா,

என் அக்கா மகனுக்கு நான்கு வயது. தொடையில் வந்த கட்டியை ராப்டோமயோசார்கோமா, தசையில் வரும் அபூர்வப் புற்று என்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறைக்கு யாருக்கு என்ன நோய் என்று விசாரிக்கிறார்கள். ஆராய்ச்சிக்கும் சம்மதம் கேட்டார்கள். "பிள்ளையைப் பார்க்காமல் செத்தவர்களை ஏன் கிளறுகிறார்கள்?" என்று அம்மா அழுகிறார். என்ன சொல்வது?

க., திருச்சி

அன்புள்ள க.,

குழந்தை தேறி வரவேண்டும். அம்மாவின் வருத்தம் புரிகிறது. புற்றுநோயில் போனவர்களைப் பற்றி நம் வீடுகளில் வாய்திறப்பதே இல்லை. ஆனால் அந்த விசாரணையும் வைத்தியம்தான்.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஃபிரெடரிக் லீ, ஜோசப் ஃபிராமெனி என்ற மருத்துவர்கள், இதே நோய் வந்த 648 குழந்தைகளின் மருத்துவக் குறிப்புகளையும் இறப்புச் சான்றிதழ்களையும் அலசினார்கள். நான்கு குடும்பங்களில் கூடப்பிறந்த பிள்ளைக்கோ, பெரியப்பா, மாமா வழிப் பிள்ளைக்கோ அதேபோல் சிறுவயதில் சார்கோமா, அதாவது தசை, எலும்பு போன்றவற்றில் வரும் புற்று, வந்திருந்தது. அந்த வீடுகளில் இளம் பெண்களுக்கு மார்பகப் புற்றும் இருந்தது. 648இல் நான்கு! தற்செயல் என்று விட்டிருக்கலாம். அவர்கள் விடவில்லை, 1969இல் எழுதி வெளியிட்டார்கள். காரணம் தெரிய 1990 ஆயிற்று: டிபி53 என்ற மரபணுவில் பிறவியிலேயே ஒரு பிழை. கெட்டுப்போன செல் பெருகாமல் தடுப்பது அந்த மரபணுவின் வேலை. பிழையுள்ள பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. இப்போது அதை லீ-ஃபிராமெனி நோய்க்குறி என்கிறார்கள்.

இது தெரிந்தால் சிகிச்சையே மாறலாம். அப்படிப்பட்ட குழந்தைக்குக் கதிர்வீச்சு புதுப் புற்றைக் கிளப்பக்கூடும் என்பதால் முடிந்தவரை தவிர்ப்பார்கள். குடும்பத்தில் பிழை உள்ள மற்றவர்களை ஆண்டுதோறும் எம்ஆர்ஐ எடுத்துக் கண்காணிப்பார்கள்.

இன்னொன்றையும் அம்மாவிடம் சொல்லுங்கள். இந்தத் தசைப் புற்று வரும் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு இது பரம்பரையாக வருவதில்லை. யார்மீதும் பழி இல்லை. பரம்பரையாக வந்திருந்தாலும்கூட அது யாருடைய குற்றமும் இல்லை.

ஆராய்ச்சிச் சம்மதம் உங்கள் இஷ்டம். மறுத்தால் வைத்தியம் குறையக்கூடாது. திசுவை எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். கொடுக்கலாம் என்பதே என் எண்ணம். இவ்வளவு அபூர்வமான நோயில் ஒவ்வொரு குழந்தையின் விவரமும் பெரிது.

அப்புறம், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேளுங்கள். பழைய கதை அவருக்குத்தான் தெரியும். நோயின் பெயர் நினைவில்லாவிட்டாலும் பரவாயில்லை, உடம்பில் எங்கே, எந்த வயதில் என்று எழுதிக்கொள்ளுங்கள். எழுபதில் வந்த புற்றும் முப்பதில் வந்த புற்றும் மருத்துவருக்கு வேறு வேறு தகவல்.