ஜீயஸுக்கு முந்தைய கடவுளர்: டைட்டன்கள் அரக்கர்களா, உறவினர்களா?

கேள்வி: கிரேக்கப் புராணத்தில் ஜீயஸுக்கு முன் ஆண்ட டைட்டன்கள் யார்? நம் புராணங்களில் வரும் அசுரர்களைப் போன்றவர்களா? அவர்களுடைய குடும்பக் கதையைக் கொஞ்சம் விளக்க முடியுமா?

அசுரர்கள் என்று சொல்ல முடியாது. பெரியப்பாக்கள், அத்தைகள் என்று சொல்லலாம். ஜீயஸ் போரிட்டது எதிரிக் குலத்தோடு அல்ல. பெற்ற தகப்பனோடும் தகப்பனின் உடன்பிறந்தவர்களோடும்தான். டைட்டன் என்றாலே எரிமலைக் குழம்பு வழியும் மலையளவு பூதம் என்று சினிமாவும் வீடியோ கேமும் நம்மைப் பழக்கிவிட்டன. அந்தப் பூதத்தைப் பழைய நூல்களில் தேடினால் கிடைக்காது. டைட்டன்களை 'முந்தைய கடவுளர்' என்றே ஹெசியட் குறிப்பிடுகிறார்.

ஹெசியட் கி.மு. 700ஐ ஒட்டி வாழ்ந்த கவிஞர். அவருடைய 'தியோகனி'தான் இந்தக் கதைக்கு அடிப்படை. ஆயிரத்துச் சொச்சம் வரிகள்தான். உட்கார்ந்தால் ஒரு மாலையில் முடித்துவிடலாம். கீழே நான் சொல்வதில் பெரும்பகுதி அவர் சொன்னது. மற்றவர்கள் சொன்னதைப் பெயரோடு சொல்கிறேன். கிரேக்கர்களுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒற்றை வேதம் கிடையாது என்பதால் இது அவசியம்.

ஆதியில் வெறும் வெளி. அதற்கடுத்துத் தோன்றியவள் கையா, பூமித்தாய். அவள் துணையில்லாமல் தானாகவே யுரேனஸைப் பெற்றாள், அவன் வானம். பிறகு அவனையே துணையாக்கிக்கொண்டாள். இருவருக்கும் பிறந்தவர்களில் முதல் பன்னிருவர்தான் டைட்டன்கள். ஓசியானஸ், கோயஸ், கிரியஸ், ஹைப்பீரியன், இயாபெட்டஸ், எல்லோருக்கும் இளையவன் குரோனஸ் என ஆண்கள் அறுவர். தியா, ரியா, தெமிஸ், நெமோசைனி, ஃபீபி, டெதிஸ் எனப் பெண்கள் அறுவர். இவர்களுக்குப் பின் ஒற்றைக் கண் சைக்ளோப்ஸ் மூவரும், ஆளுக்கு நூறு கையும் ஐம்பது தலையும் கொண்ட மூவரும் பிறந்தார்கள்.

யுரேனஸுக்குப் பிள்ளைகளைக் கண்டால் ஆகாது. பிறக்கப் பிறக்க ஒவ்வொருவரையும் வெளிச்சத்துக்கு வரவிடாமல் கையாவின் உடலுக்குள்ளேயே திணித்து மறைத்தான். அந்த வேலையில் அவனுக்கு மகிழ்ச்சி வேறு என்கிறார் ஹெசியட். கையா பாரம் தாங்காமல் முனகினாள். கடினமான சாம்பல் நிற உலோகத்தை உண்டாக்கி, அதில் ஓர் அரிவாள் செய்து பிள்ளைகள் முன் வைத்தாள். "உங்கள் தகப்பன் செய்யும் அக்கிரமத்துக்குப் பழிவாங்கலாம், யார் வருகிறீர்கள்?" என்றாள். எல்லோரும் நடுங்கி வாய்மூடி நின்றார்கள். கடைக்குட்டி குரோனஸ் மட்டும் "நான் செய்கிறேன்" என்றான். அன்று வானம் இரவைக் கூட்டிக்கொண்டு வந்து பூமியின் மேல் படர்ந்தது. ஒளிந்திருந்தவன் இடக்கையை நீட்டிப் பிடித்தான். வலக்கையில் இருந்த பல்வைத்த நீண்ட அரிவாளால் தகப்பனின் ஆண்குறியை அறுத்தான். திரும்பிப் பாராமல் பின்பக்கமாக வீசினான். சிந்திய ரத்தத்தைப் பூமி ஏந்திக்கொண்டது. அதிலிருந்து பழிதீர்க்கும் எரினிகளும் ஜயன்ட்களும் பிறந்தார்கள். கடலில் விழுந்த உறுப்பைச் சுற்றி எழுந்த நுரையில் காதல் தெய்வம் அப்ரோடைட்டி பிறந்தாள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஜயன்ட்கள் வேறு, டைட்டன்கள் வேறு. பெர்லினில் இருக்கும் பெர்கமோன் பலிபீடத்தில் கடவுளரோடு மல்லுக்கட்டுகிறார்களே, பாம்புக் கால்களோடு சிலர், அவர்கள் ஜயன்ட்கள். அந்தச் சிற்பத்தை டைட்டன் போர் என்று தலைப்பிட்டுப் பகிர்வதை நிறையப் பார்த்துவிட்டேன்.

அரியணை ஏறிய குரோனஸ் தகப்பனைவிட மேலாக நடந்துகொண்டானா என்றால், இல்லை. உன் பிள்ளை ஒருவன் உன்னை வீழ்த்துவான் என்று கையாவும் யுரேனஸும் சொல்லிவைத்திருந்தார்கள். அக்காள் ரியாவையே மணந்திருந்த அவன், அவள் பெற்ற ஹெஸ்டியா, டிமீட்டர், ஹீரா, ஹேடிஸ், போசைடன் ஐவரையும் பிறந்தவுடன் விழுங்கினான். ஸ்பானிய ஓவியர் கோயா இந்தக் காட்சியைத் தன் வீட்டுச் சுவரில் 1820 முதல் 1823 வரையிலான காலத்தில் தீட்டிய ஓவியம் இன்று மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் வெறிபிடித்த கிழவன் ஓர் உடலைப் பிய்த்துத் தின்கிறான். பயங்கரமான ஓவியம்தான், ஆனால் ஹெசியட்டின் குரோனஸ் கடிப்பதே இல்லை. முழுசாக விழுங்குகிறான். உள்ளே போனவர்கள் உயிரோடிருக்கிறார்கள், வளர்கிறார்கள். பின்னால் நடக்கப்போவது எல்லாம் அந்த ஒரு விவரத்தை நம்பியே நிற்கிறது.

ஆறாவது பிள்ளை ஜீயஸ். ரியா தன் தாய் தகப்பனிடம் போய் யோசனை கேட்டாள். அவர்கள் அவளைக் கிரீட் தீவுக்கு அனுப்பினார்கள். குழந்தையைக் கையா வாங்கிக் குகையில் ஒளித்தாள். ரியா ஒரு கல்லைத் துணியில் சுற்றிக் கணவன் கையில் கொடுத்தாள். அவன் பார்க்காமலே விழுங்கினான். குழந்தையின் அழுகை வெளியே கேட்காதிருக்கக் குரேட்டிகள் என்னும் காவலர்கள் கேடயங்களைத் தட்டி ஆடினார்கள் என்பது பிற்காலத்தார் சேர்த்தது. கிரீட்டின் இடா மலைக் குகையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அகழ்ந்தபோது காணிக்கையாக வைத்த வெண்கலக் கேடயங்கள் கிடைத்தன. ஹெராக்ளியான் அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்க்கலாம். ஜீயஸ் வளர்ந்து வந்ததும் குரோனஸ் விழுங்கியதையெல்லாம் கக்கினான். கடைசியாக உள்ளே போன கல்தான் முதலில் வெளியே வந்தது. அதை ஜீயஸ் டெல்ஃபியில் நட்டுவைத்தார். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராகச் சுற்றி எழுதிய பௌசானியஸ் அந்தக் கல்லை நேரில் பார்த்திருக்கிறார். பெரிய கல் இல்லை, தினமும் எண்ணெய் வார்க்கிறார்கள், திருவிழாவன்று நூற்காத கம்பளி வைக்கிறார்கள் என்று குறித்துவைத்திருக்கிறார்.

என்னைக் கேட்டால் இந்தக் கதையைத் தகப்பன்–மகன் சண்டையாக மட்டும் படிப்பது பாதிக் கதையைப் படிப்பதுதான். ஒவ்வொரு ஆட்சிமாற்றத்தையும் முடிவு செய்பவள் கையா. அரிவாள் அவள் செய்தது. ஜீயஸை ஒளித்தது அவள். சிறையில் கிடக்கும் நூறு கையரை விடுவித்தால்தான் வெல்ல முடியும் என்று ஜீயஸிடம் சொன்னதும் அவளே. வென்ற பிறகு அவரை அரசராக்குங்கள் என்று மற்றக் கடவுளருக்கு யோசனை சொன்னவளும் அவளே. அத்தனையும் செய்தவள் பாதாளமான டார்ட்டரஸோடு கூடி, நூறு பாம்புத் தலை கொண்ட டைஃபானையும் பெற்று ஜீயஸின் ஆட்சிக்கே உலை வைக்கப் பார்க்கிறாள். ஏன் என்று ஹெசியட் சொல்லவில்லை. யார் அரியணையில் அமர்ந்தாலும் அவளுக்கு நெடுநாள் பொறுக்காது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

போர் பத்து ஆண்டுகள் நடந்தது. டைட்டன்கள் ஓத்ரிஸ் மலையில், ஜீயஸின் அணி ஒலிம்பஸில். இரண்டும் கிரேக்கத்தின் தெசலி பகுதியை ஒட்டி இருக்கும் உண்மையான மலைகள். ஒரு தரப்பில் கிழவர்கள் எல்லோரும், மறு தரப்பில் இளையவர்கள் எல்லோரும் என்று எண்ணிவிடாதீர்கள். மூத்தவன் ஓசியானஸின் மகள் ஸ்டிக்ஸ்தான் முதல் ஆளாகத் தன் பிள்ளைகளோடு ஜீயஸிடம் வந்து சேர்ந்தாள். அந்தப் பிள்ளைகள் யார் தெரியுமா? வெற்றி, வலிமை, வன்மை, போட்டி. அதற்குக் கைம்மாறாகத்தான் கடவுளர் அவள் பெயரில் சத்தியம் செய்யும் வழக்கம் வந்தது. பொய்ச் சத்தியம் செய்த கடவுள் ஓராண்டு மூச்சுப்பேச்சின்றிக் கிடக்க வேண்டும். அதற்குமேல் ஒன்பது ஆண்டுகள் மற்றவர்களோடு விருந்துக்கும் சபைக்கும் சேர முடியாது. ஓசியானஸ் வீடு அந்தக் கலவரத்தில் புகலிடமாகவே இருந்திருக்கிறது: சண்டைக் காலத்தில் ரியா தன் மகள் ஹீராவை ஓசியானஸ், டெதிஸ் வீட்டில் விட்டுவைத்ததாக ஹோமர் சொல்கிறார். இயாபெட்டஸின் மகன் புரோமிதியஸும் ஜீயஸ் பக்கம் போனவன் என்று ஏதென்ஸ் நாடகம் ஒன்று சொல்கிறது.

கடைசியில் நூறு கையர் முந்நூறு பாறைகளை ஒரே நேரத்தில் வீச, டைட்டன்கள் வீழ்ந்து டார்ட்டரஸில் அடைபட்டார்கள். அது எவ்வளவு ஆழம்? வெண்கலப் பட்டடைக்கல் ஒன்றை வானிலிருந்து போட்டால் ஒன்பது இரவும் பகலும் விழுந்து பத்தாம் நாள் பூமியைத் தொடும். பூமியிலிருந்து டார்ட்டரஸுக்கும் அதே தூரம். இயாபெட்டஸின் இன்னொரு மகன் அட்லஸுக்கு வானத்தைத் தாங்கும் தண்டனை. வானத்தை, உலக உருண்டையை அல்ல.

பெண் டைட்டன்கள் என்ன ஆனார்கள்? இதைப் பலரும் கேட்பதில்லை. அவர்கள் புதிய ஆட்சியில் நன்றாகவே வாழ்ந்தார்கள். தெமிஸ் ஜீயஸை மணந்து நீதி, நல்லாட்சி, அமைதி மூன்றையும் பெற்றாள். நினைவின் தெய்வமான நெமோசைனி அவரோடு ஒன்பது இரவுகள் கூடி ஒன்பது கலைத்தேவியரைப் பெற்றாள். டெல்ஃபி கோயில் கையாவிடமிருந்து தெமிஸுக்கும், அவளிடமிருந்து ஃபீபிக்கும் வந்து, ஃபீபி அதைப் பேரன் அப்பலோவுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தாள் என்கிறார் நாடக ஆசிரியர் ஈஸ்கிலஸ். அண்ணன் தம்பிகள் பாதாளத்தில், அக்கா தங்கைகள் கோயிலில்.

இந்த வம்சாவளியைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைந்து, கோடுகளின் மேல் நம் உறவுமுறைச் சொற்களை எழுதப் பார்த்தேன். சீக்கிரமே சிக்கிக்கொண்டது. அப்பலோவைப் பெற்ற லெட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் அப்பா கோயஸ், குரோனஸின் அண்ணன். அந்த வழியில் அவள் ஜீயஸுக்குப் பெரியப்பா மகள், உடன்பிறந்தவள் முறை. அவள் அம்மா ஃபீபியோ குரோனஸின் அக்கா. அந்த வழியில் அத்தை மகள், கட்டிக்கொள்ளும் முறை! அப்ரோடைட்டியின் கதை இன்னும் மோசம். ஹெசியட் கணக்கில் அவள் யுரேனஸின் மகள், ஆகவே ஜீயஸுக்கு அத்தை. ஹோமர் கணக்கில் ஜீயஸுக்கும் டியோனிக்கும் பிறந்த மகள். யார் மூத்தவர் என்பதிலும் தகராறு உண்டு: ஹெசியட்டில் ஜீயஸ் கடைக்குட்டி, ஹோமரில் போசைடனுக்கு அண்ணன்.

மற்றக் கிளைகள் எளிமையானவை. ஹைப்பீரியனுக்கும் தியாவுக்கும் சூரியன், சந்திரன், விடியல். ஓசியானஸுக்கும் டெதிஸுக்கும் மூவாயிரம் பெண்கள், அதே அளவு ஆறுகள். அத்தனை ஆறுகளின் பெயரையும் ஒரு மனிதனால் சொல்ல முடியாது, அந்தந்த ஆற்றங்கரையில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும் என்று ஹெசியட் நழுவிக்கொள்வது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

தகப்பனை மகன் கவிழ்ப்பது ஜீயஸோடு எப்படி நின்றது என்பதுதான் கதையின் கெட்டிக்காரத்தனம். யுரேனஸ் பிள்ளைகளைத் தாயின் வயிற்றில் அடைத்தான். தாய் அரிவாள் செய்தாள். குரோனஸ் தன் வயிற்றில் அடைத்தான். தாய் கல்லைக் கொடுத்தாள். ஜீயஸ் தாயையே விழுங்கிவிட்டார். அவருடைய முதல் மனைவி மெட்டிஸ், ஓசியானஸின் மகள், அறிவில் எல்லோரையும் மிஞ்சியவள். அவளுக்கு முதலில் ஒரு மகள், பிறகு கடவுளரை ஆளப்போகும் மகன் பிறப்பான் என்று கையாவும் யுரேனஸும் எச்சரித்தார்கள். மகள் பிறக்கும் முன்பே மெட்டிஸ் உள்ளே போய்விட்டாள்; அதீனா ஜீயஸின் தலையிலிருந்து வந்தாள்; அந்த மகன் பிறக்கவே இல்லை. குரோனஸைக் கக்கவைக்க மருந்து கொடுத்தவளே இந்த மெட்டிஸ்தான் என்கிறது அப்பலோடோரஸின் பெயரில் வழங்கும் தொகுப்பு. தீட்டிய மரத்திலேயே கூர்பார்ப்பது கிரேக்கத்திலும் உண்டு. பின்னாளில் தெடிஸ் என்னும் கடல் மங்கையை ஜீயஸும் போசைடனும் விரும்பியபோது, அவள் மகன் தகப்பனை மிஞ்சுவான் என்று தெமிஸ் தடுத்ததாகப் பிண்டார் பாடுகிறார். உடனே அவளை மனிதன் ஒருவனுக்குக் கட்டிவைத்தார்கள். அந்த மகன்தான் அக்கிலீஸ்.

இந்தக் கதை கிரேக்கர்களின் சொந்தச் சரக்கா? முழுக்க இல்லை. துருக்கியில் போகாஸ்கோய் என்ற ஊரில், ஹிட்டைட்டுகளின் தலைநகரம் இருந்த இடத்தில் களிமண் பலகைகள் கிடைத்தன. ஹெசியட்டுக்குச் சுமார் 500 ஆண்டுகள் முந்தையவை. அவற்றில் வானக் கடவுள் அனுவின் ஆண்குறியைக் குமார்பி கடித்து விழுங்குகிறான். அதனால் அவன் வயிற்றில் புயல் கடவுள் உருவாகி, பிறகு அவனையே வீழ்த்துகிறான். வானத்தையும் பூமியையும் பிரித்த பழைய அறுப்புக் கருவி ஒன்றும் அங்கே வருகிறது. தற்செயல் என்று நம்புவது கடினம்.

டைட்டன்களைக் கும்பிட்டார்களா என்று யாராவது கேட்பீர்கள். பெரிய அளவில் இல்லை. ஆனால் ஏதென்ஸில் குரோனஸுக்கும் ரியாவுக்கும் ஒரு கோயில் இருந்தது. ஒலிம்பியாவில் ஜீயஸ் கோயிலை ஒட்டிய குன்றுக்குக் குரோனஸின் பெயர்தான். ஆண்டுதோறும் கோடையில் குரோனியா என்ற திருவிழாவும் நடந்தது. அன்று எஜமானர்களும் அடிமைகளும் ஒன்றாக உட்கார்ந்து உண்டார்கள். ஏனென்றால் குரோனஸ் ஆண்ட காலம் பொற்காலம், மனிதர்கள் கவலையும் உழைப்பும் அறியாமல் வாழ்ந்தார்கள் என்று அதே ஹெசியட் இன்னொரு நூலில் எழுதியிருக்கிறார். பிள்ளைகளை விழுங்கியவனின் ஆட்சியைப் பற்றித்தான் இப்படி. பிண்டார் இன்னும் ஒருபடி மேலே போய், ஜீயஸ் டைட்டன்களைப் பின்னாளில் விடுதலை செய்துவிட்டதாகவும், குரோனஸ் இப்போது நல்லோர் சென்றுசேரும் தீவுகளில் அரசாள்வதாகவும் பாடியிருக்கிறார்.