ஜாவா செயலிக்கு ஸ்பிளாஷ் ஸ்கிரீன்: கேள்வி பதில்

கேள்வி: ஸ்விங்கில் (ஜாவாவின் ஜன்னல், பொத்தான் நூலகம்) எழுதிய என் செயலி திறக்க நாலைந்து விநாடி ஆகிறது. ஸ்விங்கின் வெற்று ஜன்னலான ஜேவிண்டோ வைத்து ஸ்பிளாஷ் (செயலி திறக்கும்வரை காட்டும் வரவேற்புப் படம்) போட்டேன், அதுவே தாமதமாகத்தான் வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம் எழுந்து, ஸ்விங்குக்கு அடித்தளமான ஏடபிள்யூடி, ஸ்விங் கிளாஸ்கள் லோடு ஆன பிறகுதான் ஜேவிண்டோ திரைக்கு வர முடியும். பயனர் காத்திருக்கும் நேரத்தில் ஒரு பகுதி அதற்குள் போய்விடும். 2006 இறுதியில் வந்த ஜாவா 6-லேயே இதற்கு நல்ல வழி இருக்கிறது. செயலியைக் கட்டிவைத்த ஜார் கோப்பின் மேனிஃபெஸ்ட்டில் (அதற்குள் இருக்கும் விவரக் கோப்பில்) ‘ஸ்பிளாஷ்ஸ்கிரீன்-இமேஜ்’ என்ற வரியைச் சேர்த்து, எதிரே படத்தின் பாதையைக் கொடுங்கள். ஜேவிஎம் தொடங்கும் முன்பே அதைத் தொடங்கிவைக்கும் லாஞ்சர் அந்தப் படத்தைக் காட்டிவிடும். ஜிஃப், பிஎன்ஜி, ஜேபெக் மூன்றும் சரிவரும். அசையும் ஜிஃப் கூட ஓடும். உங்கள் முதல் ஜன்னல் திறந்ததும் படம் தானாக மறைந்துவிடும்.

கேள்வி: அப்படியே செய்தேன் அண்ணா. நிரல் எழுதும் எக்லிப்ஸ் மென்பொருளில் ஓட்டினால் ஒன்றுமே வரவில்லை.

பதில்: எக்லிப்ஸ் உங்கள் கிளாஸை நேராக ஓட்டுகிறது, ஜாரை அல்ல. அதனால் மேனிஃபெஸ்ட்டை யாரும் படிப்பதில்லை. ரன் கான்ஃபிகரேஷனில் விஎம் ஆர்குமென்ட்ஸ் பகுதிக்குப் போய், ‘-ஸ்பிளாஷ்:’ என்று போட்டு ஒட்டினாற்போல் படத்தின் பாதையை எழுதுங்கள். இரண்டு இடத்திலும் படம் கொடுத்திருந்தால் கமாண்ட் லைனில் கொடுத்ததுதான் செல்லும்.

ஜாரை ஓட்டியும் வரவில்லை என்றால் மேனிஃபெஸ்ட்டின் கடைசி வரியைப் பாருங்கள். அதன் முடிவில் என்டர் தட்டாமல் விட்டிருந்தால் அந்த வரி கணக்கில் வராமல் போகலாம். பலரும் பாதி நாளைத் தொலைப்பது இங்கேதான்.

கேள்வி: ஸ்பிளாஷ் மேல் ‘தரவுத்தளம் திறக்கிறது’ போன்ற வரிகளைக் காட்ட நினைக்கிறேன். ஒன்றின் மேல் ஒன்று எழுதிக் குழம்புகிறது.

பதில்: ஸ்பிளாஷ்ஸ்கிரீன் கிளாஸின் கெட்ஸ்பிளாஷ்ஸ்கிரீன் கொடுப்பது ‘நல்’ (வெற்று மதிப்பு) தானா என்று முதலில் சோதியுங்கள். படம் இல்லாமல் யாராவது ஓட்டினால் ‘நல்’தான் வரும், சோதிக்காவிட்டால் செயலி அங்கேயே விழுந்துவிடும். அடுத்து, கிரியேட்கிராஃபிக்ஸ் தருவது படத்தின் மேல் விரித்த ஒளிபுகும் தாள். புது வரி எழுதும் முன் வரையும் முறையைத் தீர்மானிக்கும் ஆல்ஃபாகாம்போசிட்டின் கிளியர் முறையில் அந்த இடத்தை அழியுங்கள், பிறகு இயல்பு முறைக்குத் திரும்பி எழுதுங்கள், கடைசியாக அப்டேட் கூப்பிடுங்கள். அப்டேட்டை மறந்தால் எழுதியது எதுவும் திரையில் தெரியாது. ஒவ்வொரு வரியும் உண்மையில் முடிந்த வேலையைச் சொல்லட்டும். டைமர் வைத்து ஏறும் போலிச் சதவீதம் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: எனக்குத் தமிழ் வரி பெட்டி பெட்டியாக வருகிறதே?

பதில்: எடுத்த எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருக் கோப்பை ஜாருக்குள் வைத்து ஃபான்ட் கிளாஸின் கிரியேட்ஃபான்ட் வழியாக ஏற்றுங்கள். மாறாத பெயரும் வாசகமும் என்றால் படத்திலேயே எழுதிவிடுவது மேல்.

கேள்வி: லோகோ ஐந்து விநாடியாவது நிற்க வேண்டும் என்கிறார் வாடிக்கையாளர். நிரலை நிறுத்திவைக்கும் ஸ்லீப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். காத்திருப்பு இருப்பதால்தான் ஸ்பிளாஷ் வைக்கிறோம். அதற்காகக் காத்திருப்பை உண்டாக்கினால், தினமும் இருபது தடவை திறப்பவருக்கு அது தண்டனை. லோகோவை முதன்மை ஜன்னலில் நல்ல இடத்தில் வைத்துக் காட்டுங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்.

கேள்வி: ஜாவாவின் இன்னொரு ஜன்னல் நூலகமான ஜாவாஎஃப்எக்ஸிலும் இதே முறையா?

பதில்: தானாக மறைவது ஏடபிள்யூடி, ஸ்விங் ஜன்னல்களுக்குத்தான். ஜாவாஎஃப்எக்ஸில் செயலி திறக்கும்வரை காட்டுவதற்கு பிரீலோடர் என்று தனி கிளாஸ் உண்டு, அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.