45-க்கு 30 அடி புல்தரைக்கு நாலு ஸ்பிரிங்க்ளர் போதுமா?

தோவாளைப் பக்கம் புது வீடு, போர்வெல் தண்ணீர். ஒரு மூலைகூட விடாமல் நனைய வேண்டும் என்கிறீர்கள். நாலு போதும் என்கிறார் பிளம்பர். நாலு நிச்சயம் போதாது. ஆனால் எல்லா மூலையும் நனைய வேண்டும் என்ற ஆசையையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

எங்கெங்கே ஸ்பிரிங்க்ளர் என்று படம் வரைவதற்கு முன்னால் மோட்டாரை ஓடவிட்டு 20 லிட்டர் பக்கெட் எத்தனை விநாடியில் நிறைகிறது என்று பாருங்கள். 30 விநாடி என்றால் நிமிடத்துக்கு 40 லிட்டர். குழாயில் அழுத்தம் ஏறும்போது அதுவும் குறையும். மாடித் தொட்டித் தண்ணீரை நம்ப வேண்டாம். 10 மீட்டர் உயரத்தில் இருந்தாலே 1 பார் (அழுத்தத்தின் அளவு) தான் கிடைக்கும். சாதாரண ஸ்பிரே ஹெட்டுக்கு, அதாவது தண்ணீர் தெளிக்கும் தலைக்கு, 2 பார் வேண்டும்.

15 அடி வீசும் ஹெட் என்றால் 15 அடிக்கு ஒன்று வையுங்கள். ஒன்றின் தண்ணீர் அடுத்ததன் காலடி வரை விழ வேண்டும். இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது, பின்னால் வட்டம் வட்டமாகப் புல் காயும். கணக்குப் போட்டால் 12 ஹெட்: மூலைக்குக் கால்வட்டம் 4, ஓரத்துக்கு அரைவட்டம் 6, நடுவில் முழுவட்டம் 2. முழுவட்டம் நிமிடத்துக்குச் சுமார் 14 லிட்டர் குடிக்கும், அரை 7, கால் 3.5. மொத்தம் 84 லிட்டர். உங்கள் மோட்டார் ஒரே நேரத்தில் இதைத் தாங்காது. மூன்று வால்வாகப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தால் ஒவ்வொன்றுக்கும் 28 லிட்டர்தான் வரும். கோடையில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், வால்வுக்கு ஏழெட்டு நிமிடம் போதும்.

அப்புறம் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் எவ்வளவு கச்சிதமாக வரைந்தாலும் பாதித் தண்ணீர் பக்கத்து வீட்டு மதிலுக்குத்தான் போகும். தாழ்வாக வீசும் நாசில் (ஹெட்டின் முனை) வாங்கி, விடிகாலையில் ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் ஒரு மூலை காய்ந்தால் ஹோஸ் எதற்கு இருக்கிறது?

போட்டு முடித்ததும் தரையில் ஒரே அளவு டம்ளர்களைப் பரப்பி ஓட்டிப் பாருங்கள். சிரட்டை வேண்டாம், ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. ஒரு டம்ளரில் இன்னொன்றைவிட இரு மடங்கு தண்ணீர் இருந்தால் மட்டும் நாசிலை மாற்றுங்கள். சின்ன வித்தியாசத்துக்கெல்லாம் தரையைத் தோண்ட வேண்டாம்.

டைமர் வாங்கினால் கரண்ட் போனாலும் நேரம் மறக்காததாகப் பார்த்து வாங்குங்கள். மழை சென்சார் எல்லாம் எதற்கு? மழை பெய்கிற அன்று சுவிட்சை அணைக்க வீட்டில் ஆள் இருக்கிறதே.