டா வின்சி வகுப்பில் மகளைச் சேர்க்கலாமா?

கேள்வி: என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். 'டா வின்சி மாதிரி யோசிக்கலாம்' என்று ஆன்லைனில் பத்து நாள் வகுப்பு ஒன்று நடத்துகிறார்கள். இடது கையால் கண்ணாடி எழுத்து (கண்ணாடியில் காட்டினால் நேராகத் தெரிகிற தலைகீழ் எழுத்து) எழுதுவது, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை இருபது நிமிடம் மட்டும் தூங்குவது, இதெல்லாம் சொல்லித் தருகிறார்களாம். கற்பனைத் திறன் பெருகும் என்கிறார்கள். சேர்க்கலாமா? (ஒரு வாசகர்)

பதில்: சேர்க்காதீர்கள். முதலில் அந்தத் தூக்க விஷயம். லியனார்டோ டா வின்சி அப்படித் தூங்கினார் என்பதற்கு அவர் காலத்துச் சான்று எதுவும் கிடையாது, வளர்கிற பெண்ணின் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிற எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கண்ணாடி எழுத்து உண்மைதான். ஆனால் அவர் இடக்கைக்காரர். வலமிருந்து இடமாக எழுதினால் ஈர மை கையில் அப்பாது. பெரும்பாலோர் சொல்லும் காரணம் இவ்வளவுதான். அதற்கும் யோசனைக்கும் சம்பந்தம் இல்லை.

சரி, அவரிடம் கற்றுக்கொள்ள என்னதான் இருக்கிறது என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது, அதனால்தான் இப்படி வித்தையாகச் சுருக்குவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

1452-இல் இத்தாலியில் வின்சி என்ற ஊர்ப் பக்கம் பிறந்தவர். அப்பா ஃப்ளாரன்ஸில் பத்திரம் எழுதும் நோட்டரி. அம்மா கத்தரீனாவை அவர் மணந்துகொள்ளவில்லை. பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது, லத்தீனை நடுவயதில் தானாக முட்டி மோதிப் படித்தார். படிக்காதவன் என்று சிலர் தன்னை ஒதுக்குவது தெரியும் என்று அவரே குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். மற்றவர்கள் நூல்களிலிருந்து எடுப்பார்கள், நான் அனுபவத்திலிருந்து எடுக்கிறேன் என்பது அவர் சொன்ன பதிலின் சாரம். கைத்தொழில் கற்றது வெரோக்கியோ என்ற சிற்பியின் பட்டறையில். ஓவியம், சிலை, உலோக வார்ப்பு எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடக்கிற இடம் அது.

அவர் விட்டுப்போன குறிப்புகளில் 7,000 பக்கங்களுக்கு மேல் இன்றும் இருக்கின்றன. அதில் ஒரு பக்கத்தில் செய்ய வேண்டியவை என்று பட்டியல் போடுகிறார்: இன்ன கணக்கு வாத்தியாரிடம் முக்கோணத்தை அதே பரப்புள்ள சதுரமாக்குவது எப்படி என்று கேட்க வேண்டும், ஃப்ளாண்டர்ஸ் நாட்டில் (இன்றைய பெல்ஜியம் பக்கம்) பனிக்கட்டி மேல் எப்படி நடக்கிறார்கள் என்று அங்கே போய்வந்தவரிடம் கேட்க வேண்டும். இன்னோர் இடத்தில் மரங்கொத்தியின் நாக்கை விவரிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். படம் வரைகிறவருக்கு மரங்கொத்தி நாக்கு எதற்கு? எதற்குமில்லை, தெரிந்துகொள்ளத்தான். தெரியவில்லை என்றால் யாரிடம் கேட்பது என்று ஆளையும் சேர்த்து எழுதி வைத்தார், அதை கவனியுங்கள்.

ஆனால் என்னை அதிகம் உலுக்குவது இது இல்லை, மூளை பற்றிய அவருடைய இரண்டு படங்கள். 1490 வாக்கில் வரைந்த படத்தில், கண்ணுக்குப் பின்னால் மூன்று உருண்டை அறைகள் வரிசையாக இருக்கின்றன. பழைய நூல்கள் காலங்காலமாகச் சொல்லி வந்தது அப்படித்தான், அவரும் அப்படியே வரைந்துவிட்டார். ஏறத்தாழ பதினெட்டு வருடம் கழித்து, உருக்கிய மெழுகை மாட்டு மூளையின் உள்ளறைகளுக்குள் செலுத்தி, அது உறைந்ததும் சுற்றியிருக்கும் சதையை அறுத்து எடுத்துப் பார்த்தார். மூன்று உருண்டைகள் அங்கே இல்லை. உள்ளே நிஜமாக என்ன வடிவம் இருந்ததோ அதை வரைந்தார். வெரோக்கியோ பட்டறையில் பார்த்த வார்ப்பு வேலை எங்கே வந்து கைகொடுக்கிறது பாருங்கள்! தான் நம்பியதை, தானே அழகாக வரைந்து வைத்ததை, தன் கையாலேயே தப்பு என்று காட்ட ஒரு வழி கண்டுபிடித்தார்; படைப்புச் சிந்தனை என்று நான் சொல்வேன் என்றால் இதைத்தான் சொல்வேன்.

அப்புறம் அந்தக் கிழவர். 1507-08 குளிர்காலத்தில் ஃப்ளாரன்ஸின் சாந்தா மரியா நுவோவா மருத்துவமனையில் நூறு வயது தாண்டியதாகச் சொன்ன ஒருவர், லியனார்டோவோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் வலி ஒன்றும் இல்லாமல் இறந்துபோனார். இவ்வளவு இனிமையான சாவுக்குக் காரணம் என்ன என்று அறிய அவர் உடலை அறுத்துப் பார்த்ததாக லியனார்டோ எழுதுகிறார். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் வாடிச் சுருங்கியிருந்ததைக் குறித்து வைத்தார். இன்று நாம் மாரடைப்போடு சேர்த்துப் பேசும் குழாய் அடைப்பைப் பற்றிய மிகப் பழைய விவரிப்புகளில் அதுவும் ஒன்று. அன்போடு பேசிய வாயும் கத்தி பிடித்த கையும் ஒரே ஆளுடையவை.

அவரைத் தெய்வமாக்கவும் வேண்டாம். 'இறுதி விருந்து' ஓவியத்துக்கு ஈரச் சுண்ணாம்பின் மேல் வேகமாக வரையும் வழக்கமான முறை அவருக்குப் பிடிக்கவில்லை. நிதானமாக, திருத்தித் திருத்தி வரைய வேண்டும் என்று காய்ந்த சுவரில் வரைந்தார். 1498 வாக்கில் முடிந்தது, 1517-இல் பார்த்த பயணி ஒருவர் அது கெடத் தொடங்கிவிட்டதை எழுதியிருக்கிறார். உடற்கூறு பற்றி நூல் எழுதும் திட்டம் நிறைவேறவே இல்லை. 1519-இல் அவர் பிரான்ஸில் இறந்தார். 1543-இல் வெசாலியஸ் என்ற மருத்துவரின் உடற்கூறு நூல் அச்சில் வந்தபோது லியனார்டோவின் படங்கள் பெட்டிக்குள் கிடந்தன. எத்தனை மருத்துவ மாணவர்கள் பார்த்திருக்க வேண்டிய படங்கள்! இந்த இழப்பையும் உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். ஆரம்பித்ததை யாரிடமாவது கொண்டுபோய்ச் சேர்ப்பதும் வேலையில் பாதி.

ஆக, வகுப்புப் பணம் உங்களிடமே இருக்கட்டும். ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள், கோடு போடாததாக இருந்தால் வரையவும் வசதி. ஒரு பக்கத்தில் அவளுக்குத் தோன்றும் கேள்வி, எதிர்ப்பக்கத்தில் அதற்கு என்ன பதில் இருக்கும் என்று அவள் இப்போது நினைக்கிறாள் என்பது, கீழே யாரைக் கேட்கலாம் அல்லது எதை வைத்துச் சோதிக்கலாம் என்பது. இது பாடத்தில் வராதே, மார்க் இல்லையே என்று தயவுசெய்து நடுவில் போய்ச் சொல்லாதீர்கள். சைக்கிள் கடைக்காரரைக் கேட்க வேண்டும் என்றால் கூடப் போங்கள், அவர் சொல்லும்வரை நின்று கேளுங்கள். ஒரு மாதம் போனதும் பழைய பக்கங்களைப் புரட்டி, முன்பு எழுதிய பதில்களில் எது தப்பு என்று அவளே குறிக்கட்டும். அப்படி அவள் அடித்துத் திருத்திய முதல் பதில் எது என்று எனக்கு எழுதுங்கள், இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன்.