மலையேறும் மோட்டார் சைக்கிளுக்கு டேர்போ பூட்டலாமா?

கேள்வி: தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்கு நாள்தோறும் வேலைக்குப் போய்வருகிறேன். என்னுடையது காபரேட்டர் உள்ள 150 சீசீ மோட்டார் சைக்கிள். பின்னால் மனைவியோ ஒரு மூட்டை மரக்கறியோ இருந்தால், நானுஓயாவைத் தாண்டியதும் இரண்டாம் கியரிலேயே திணறுகிறது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் 660 சீசீ ஜப்பானியக் காரின் பழைய டேர்போ ஒன்றை வாங்கிப் பூட்டிவிடலாம் என்கிறார் நண்பர். ஒற்றைச் சிலிண்டர் என்ஜினுக்கு அது சரிவருமா?
— வாசகர், தலவாக்கலை

பதில்: திணறலுக்கு முதற்காரணம் காற்றுதான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால், அங்குள்ள காற்று கொழும்புக் காற்றைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. குளிர் சற்று ஈடுசெய்யாவிட்டால் இழப்பு ஐந்தில் ஒரு பங்கை எட்டியிருக்கும். காற்று மெலிந்ததற்கு ஏற்ப, காற்றில் பெற்றோலைக் கலக்கும் காபரேட்டர் பெற்றோலைக் குறைத்துக்கொள்வதில்லை. ஆகவே கலவை தடித்து, பிளக் கரிபிடித்து, இருக்கும் வலுவும் வீணாகிறது.

டேர்போ என்பது என்ஜினிலிருந்து வெளிவரும் புகையால் சுழன்று, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி. உங்கள் நண்பரின் யோசனைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. 1918இல் சான்ஃபோர்ட் மொஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர், லிபேட்டி விமான என்ஜின் ஒன்றைக் கொலராடோவின் பைக்ஸ் பீக் மலையுச்சிக்கு, 4,300 மீற்றர் உயரத்துக்கு, லொறியில் ஏற்றிச்சென்று சோதித்தார். தாழ்நிலத்தில் 350 குதிரைவலு தந்த அந்த என்ஜின் உச்சியில் 230 மட்டுமே தந்தது. டேர்போ பூட்டியபின் 356 தந்தது. உங்களுக்கும் தேவைப்படுவது அதுபோல இழந்ததை மீட்பதே. நுவரெலியாவில் 0.2 பார் (கடல்மட்டக் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பார்) அளவுக்குக் காற்றை அழுத்தினால் கொழும்பின் காற்றழுத்தம் திரும்பக் கிடைத்துவிடும். அதற்குமேல் ஆசைப்படாதவரை, பிஸ்டனுக்கும் கிளச்சுக்கும் அவை தாங்காத சுமை எதையும் நாம் ஏற்றுவதில்லை.

சிக்கல் ஒற்றைச் சிலிண்டரில் இருக்கிறது. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் உங்கள் என்ஜின் 20 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை, ஏறக்குறைய 5 மில்லிசெக்கன் மட்டும் காற்றை உறிஞ்சுகிறது. மிகுதி நேரம் உள்வால்வு மூடியே கிடக்கிறது. டேர்போவோ இடைவிடாது காற்றைத் தள்ளும் கருவி. போக வழியின்றித் தேங்கும் காற்று திரும்பி அதன் இறக்கைகளையே அறையும், வால்வு திறக்கும் கணத்திலோ குழாயில் போதிய காற்று இராது. இடையில் ஒரு காற்றுப்பெட்டி வைப்பதே இதற்குப் பரிகாரம். 150 சீசீ என்ஜினுக்கு ஒன்றரை லீற்றர் பெட்டி இருந்தால், ஒரு உறிஞ்சலில் அழுத்தம் பத்திலொரு பங்களவே தாழும். பெட்டியைப் பெரிதாக்கினால் அழுத்தம் சீராகும், ஆனால் அது நிரம்பும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டும். கொண்டையூசி வளைவில் அந்தக் காத்திருப்பு இனிமையாக இராது.

இனி அளவைப் பாருங்கள். 8,000 சுற்றிலும் உங்கள் என்ஜின் நிமிடத்துக்கு 600 லீற்றர் காற்றுக்கு மேல் இழுக்காது. 660 சீசீ கார் என்ஜினோ 6,000 சுற்றிலேயே 1,980 லீற்றர் இழுக்கக்கூடியது. அதற்கென்று செய்த டேர்போவை, நீங்கள் மலையேறும் 4,000 சுற்றில் வெளிவரும் புகை சுழற்றவே மாட்டாது. சைலன்சர் வழியை அது அடைத்துக்கொண்டு நிற்பதுதான் மிச்சமாகும். ஒற்றைச் சிலிண்டருக்கு என்ஜினே நேரடியாகச் சுழற்றும் சுப்பர்சாஜர்தான் பொருத்தமானது என்பது என் கருத்து. பேஜோ நிறுவனம் ஜெட்போர்ஸ் என்ற 125 சீசீ ஸ்கூட்டரில் அதைத்தான் பொருத்தி விற்றது. ஹொண்டா 1982இல் டேர்போவுடன் வெளியிட்ட சீஎக்ஸ்500இற்கு இரண்டு சிலிண்டர்கள் இருந்தும், காற்றுத்துடிப்பை அடக்குவது அதன் பொறியியலாளர்களுக்குப் பெரும்பாடாகவே இருந்தது.

காற்றைத் தீர்த்தாலும் பெற்றோல் நிற்கிறது. அழுத்தப்பட்ட காற்று, பெற்றோல் தேங்கும் காபரேட்டர் கிண்ணத்தையும் அழுத்தியாக வேண்டும். அப்போது தொட்டியிலிருந்து பெற்றோல் தானாக இறங்காது. 0.2 பாரை வெல்லத் தொட்டி ஏறத்தாழ 2.7 மீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும், அல்லது ஒரு பம்பு வேண்டும். டேர்போவின் அச்சுக்கு அழுத்தத்துடன் ஒயில் போய், தானாக வடிந்து திரும்பவும் வேண்டும். அழுத்தும்போது காற்று 30 பாகை அளவில் சூடேறுவதால் 92 ஒக்டேன் பெற்றோல் கட்டுப்பாடின்றி வெடித்து என்ஜின் தட்டத் தொடங்கலாம். இதே அமைப்புடன் கொழும்புக்கு இறங்கினால், அங்குள்ள முழுக் காற்றழுத்தத்தின் மேல் இந்த 0.2 பாரும் ஏறிவிடும்.

ஆகவே உங்கள் இடத்தில் நானிருந்தால், முதலில் எயார் ஃபில்டரைத் துப்புரவாக்கி, காபரேட்டரில் பெற்றோல் பாயும் துளையான மெயின் ஜெட்டை ஓரிரு அளவு சிறியதாக்குவேன். அடுத்து செயினை இழுக்கும் முன் பற்சக்கரமான ஸ்ப்ரொக்கெட்டில் 15 பல் இருந்தால் 14 ஆக்குவேன். சக்கரத்தில் இழுவை 7 சதவீதம் கூடும், உச்ச வேகம் அதே அளவு குறையும். ரதெல்ல ஏற்றத்தில் உச்ச வேகம் யாருக்கு வேண்டும்? தாழ்நிலத்துக்கு நெடும்பயணம் போகுமுன் பழைய ஜெட்டைத் திரும்பப் போட மறக்காதீர்கள். சிறிய ஜெட்டுடன் அங்கே விரைந்தால் கலவை மெலிந்து பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: இணையத்தில் 12 வோல்ட் மின்சார டேர்போ என்று சிறு விசிறிகள் விற்கிறார்களே, பயன்படுமா?
— வாசகர், பண்டாரவளை

பதில்: பயன்படாது. முன்னவர் கேட்ட 0.2 பாரை 150 சீசீ என்ஜினுக்கு உச்சச் சுற்றில் கொடுக்கவே 300 வாட் அளவு வலு வேண்டும். 35 வாட் தலைவிளக்குகள் எட்டுக்கு மேல் ஒன்றாக எரிவதற்குச் சமம். உங்கள் வண்டியின் மின்னாக்கியால் அது முடியாது. அந்தச் சிறு விசிறியைக் காற்றுவழியில் வைத்தால் அதுவே தடையாகும்.