நஞ்சையை விற்காதீங்க தம்பி

தென்னையிலிருந்து விழுந்த அண்ணனுக்குக் கழுத்துக்குக் கீழே அசைவில்லை, மூளையில் சிப் வைக்க கும்பகோணம் பக்கத்து நஞ்சையை விற்கலாமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டவே வேண்டாம். மூளை சிப் செய்யும் எலான் மஸ்க்கின் நியூராலிங்க் கம்பெனி 2024 ஜனவரியில்தான் முதல் ஆளுக்கு அதைப் பொருத்தினாங்க. இன்னும் ஆய்வு நிலைதான். வாங்கித் தர்றேன்னு எவனாவது பணம் கேட்டால் கிட்டவே சேர்க்காதீங்க. அந்த சிப் மூளையின் சிக்னலைப் பிடித்துக் கம்ப்யூட்டர் திரையில் கர்சரை நகர்த்தும், அவ்வளவுதான். கை கால் எழாது. அந்த முதல் ஆளுக்கே, சிப்பிலிருந்து மூளைக்குள் போகும் மெல்லிய இழைகளில் சிலது பிறகு நழுவிடுச்சு.

அண்ணனுக்கு முகம் அசையுதுல்ல? ஆண்ட்ராய்டு 12க்கு மேற்பட்ட போனில், செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டிக்குள்ள ஸ்விட்ச் அக்சஸ்னு, திரையைத் தொடாமலே போனை இயக்குற வசதி இருக்கும். கேமராவை ஸ்விட்ச்சா வெச்சா, புருவத்தைத் தூக்கினால் அடுத்தது, வாயைத் திறந்தால் தேர்வுன்னு அமைச்சுக்கலாம். கட்டில் கம்பியில் ஸ்டாண்டு போட்டு முகத்துக்கு நேரா மாட்டுங்க, வெளிச்சம் முகத்தில் விழணும். வேலூர் சிஎம்சியின் பாகாயம் மறுவாழ்வு மையத்துக்கும் கூட்டிட்டுப் போங்க. படுக்கைப்புண் வர விடாதீங்க, அதுதான் இப்போ அவசரம்.