பூச்சிமருந்து குறைவான காய்கறி, பழங்களைப் பார்த்து வாங்குவது எப்படி?

கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் எந்தக் காய்க்கு மருந்து அதிகம் அடிப்பார்கள் என்பதை ஓரளவு ஊகிக்கலாம். ஒட்டன்சத்திரம் பக்கம் என் மாமாவுக்குக் கத்தரித் தோட்டம் இருந்தது. பள்ளி விடுமுறையில் அங்கே காய் பறித்த பழக்கத்தில் சொல்கிறேன்.

கத்தரிக்குப் பெரிய எதிரி காய்ப்புழு. முட்டையிலிருந்து வெளிவந்த கொஞ்ச நேரத்திலேயே காயைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்புறம் மேலே எதை அடித்தாலும் அதற்கு உறைக்காது. உள்ளே போவதற்குள் பிடிக்க வேண்டும் என்பதால் மாமா வாரம் தவறாமல் மருந்து அடிப்பார். காயோ மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை பறிப்புக்கு வந்து நிற்கும். அடித்தபின் இத்தனை நாள் பறிக்கக் கூடாது என்று மருந்து டப்பாவில் எழுதியிருக்கும்தான். அதுவரை விட்டால் முற்றிப்போகும், முற்றிய கத்தரியை யார் வாங்குவார்? வீட்டுக்கென்று கிணற்று மேட்டில் பத்துச் செடி தனியாக நிற்கும். அதற்கு வேப்பங்கொட்டைக் கரைசலோடு சரி.

இதனால்தான் 'சொத்தை இருந்தால் மருந்து படாத காய்' என்ற பேச்சை நான் நம்புவதில்லை. புழு விழுந்த தோட்டத்தில்தான் மருந்து கூடும்.

ஆக, நான் பார்ப்பது பறிப்பு இடைவெளியை. கத்தரி, வெண்டை, பச்சை மிளகாய், தக்காளி எல்லாம் பறிக்கப் பறிக்கக் காய்ப்பவை. மருந்துக்கும் பறிப்புக்கும் நடுவில் நாள் இருக்காது. காலிஃபிளவர் வேறு காரணத்துக்காகப் பட்டியலில் சேரும்: புழுத் தொல்லை அதிகம், பூவின் இடுக்கில் தண்ணீரும் சரியாகப் போகாது. மறுபக்கம் சேனை, மரவள்ளி, வாழைப்பூ, வாழைத்தண்டு, பூசணி, வீட்டு முருங்கைக்கீரை. இவற்றுக்கு யாரும் வாரம் தவறாமல் மருந்து அடிப்பதில்லை. பழத்தில் பலா, அன்னாசி, பப்பாளி, சீதா போல் தோலை எறிந்துவிட்டுச் சாப்பிடுபவை மேல். (கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது வேறு கதை, அதை இதோடு குழப்ப வேண்டாம்.)

திராட்சை மேல் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். பழம் முழுக்க ஒரே சீராக, விரலால் தேய்த்தால் போகும் மாவு என்றால் அது பழமே சுரக்கும் மெழுகு. சொட்டுச் சொட்டாகக் காய்ந்த கறை, அதுவும் நீலம் பாரித்திருந்தால், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கும் போர்டோ கலவையாக இருக்கலாம்.

கழுவினால் எல்லா மருந்தும் போய்விடாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் 2017இல் ஆப்பிளை வைத்துச் சோதித்தார்கள். 1 சதவீத சமையல் சோடா கரைசலில் 12 முதல் 15 நிமிடம் வைத்ததில் இரண்டு மருந்துகள் தோலின் மேலிருந்து முழுக்கப் போயின. ஆனால் ஏற்கெனவே தோலுக்குள் இறங்கியதைச் சோடாவால் தொட முடியவில்லை. செடிக்குள் ஊடுருவிப் பாயும் மருந்துகளுக்கும் இதே கதிதான். கறிவேப்பிலை, மல்லித்தழைக்கு நான் புளித்தண்ணீரில் ஊறவைத்து, குழாயைத் திறந்துவிட்டு அலசுகிறேன். தமிழ்நாட்டுக் காய்களில் மருந்து இருக்கிறது என்று கேரளத்தில் பெரிய சர்ச்சை எழுந்தபோது அங்கிருந்து பரவிய பழக்கம் அது.

'ஆர்கானிக்' என்று எழுதி ஒட்டியிருப்பதற்காக மட்டும் இரட்டை விலை கொடுக்க மாட்டேன். சான்று இருந்தால், மாதத்துக்கு இரண்டு தடவை கறிவேப்பிலையும் கீரையும் மட்டும் வாங்குவேன்.

மற்றதெல்லாம் உழவர் சந்தையில்தான். அங்கே தோட்டக்காரர்களே உட்கார்ந்திருப்பதால் "மருந்து எப்போ அடிச்சீங்க?" என்று கேட்கலாம். பாதிப் பேர் முறைப்பார்கள். வாராவாரம் ஒருவரிடமே வாங்கினால் பதில் மாறும். போன ஞாயிறு நான் வெண்டையை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வழக்கமாக வாங்கும் அக்கா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இது வேண்டாங் கண்ணு, முந்தாநாள்தான் அடிச்சோம். பூசணி ஒரு கீத்து எடுத்துக்க."